மணமகனை எங்கிருந்து அழைத்து வருவது?

ஓய்வூதிய அலுவலகத்தின் மேலதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். குடும்ப ஓய்வூதியம் கேட்டு என் அம்மா கொடுத்த விண்ணப்பத்தை, திருமணப் பதிவுச் சான்றிதழ் இல்லை என்று குறிப்பெழுதித் திருப்பியிருக்கிறீர்கள். மதராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவின் கோப்பு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அதனால் எண்களை மறுபடி எழுதவில்லை.

அவர்கள் திருமணம் 1967-இல், அப்பா விடுப்பில் வந்திருந்தபோது, வேலூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கோயிலில் நடந்தது. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் வந்ததோ 2009-இல். வரப்போகும் சட்டத்துக்கு அன்றைக்கே அவர்கள் கீழ்ப்படிந்திருக்க வேண்டுமா? "இப்போது பதிவு செய்து எடுத்து வாருங்கள்" என்கிறார் உங்கள் கவுன்ட்டர் ஊழியர். மணமகனைக் கண்ணம்மாபேட்டையில் எரியூட்டிவிட்டோம், ஐயா. அவரை எங்கிருந்து அழைத்து வருவது?

அம்மா அங்கே எதுவும் பேசவில்லை. படியிறங்கி வந்த பிறகு, "அப்படியானால் நான் அவருக்கு யார்?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரியாதவரைப் போலக் கேட்டார்.

அவர் யார் என்று உங்கள் கோப்பே சொல்லும். ஓய்வூதிய ஆணையில் இருவரும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருக்கிறது. ராணுவ கேன்டீன் அட்டையிலும் மருத்துவ அட்டையிலும் அவர் மனைவி. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று அவரிடம் நீங்களே எழுதி வாங்கினீர்கள். முதல் மணமே நடக்கவில்லை என்றால், மறுமணம் பற்றி ஏன் கேட்டீர்கள்?

1965 பாகிஸ்தான் போரில் அப்பா சியால்கோட் முனையில் இருந்தார். அங்கே நடந்ததைப் பற்றி வீட்டில் அதிகம் பேசியதில்லை. ஒரு காது மட்டும் கேட்காது. 1971 போரின்போது அம்மா கைக்குழந்தையோடு ஊரில் இருந்தார். மணியார்டர் வந்தால்தான் ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரியும். ராணுவத்திலிருந்து வந்த பிறகு சென்னையில் ஒரு வங்கி வாசலில் காவலராக நின்று மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் ஜாபர்கான்பேட்டை வீட்டுக்குள் புகுந்தபோது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. முதலில் அம்மாவைப் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றினார். திரும்பிப் போய், பாலிதீன் பையில் சுற்றிய, ராணுவத்திலிருந்து விடுவித்தபோது தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்து வந்தார். "நான் போனபின் இவளுக்கு இதுதான் சோறு" என்றார். உங்கள் அலுவலகத்தை அவ்வளவு நம்பினார்.

எண்பது வயதில் ஓய்வூதியம் 20 விழுக்காடு கூடியது. நூறு வயதானால் இரட்டிப்பாகும் என்று யாரோ சொல்ல, "அதையும் வாங்கிவிட்டுத்தான் போவேன்" என்று சிரித்தார். எண்பத்து மூன்றில் போய்விட்டார். அரசுக்கு அந்த வகையில் மிச்சம்தான்.

ஆண்டுதோறும் காமராசர் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால் உங்கள் கவுன்ட்டருக்கு முன்னால் மூட்டுவலியோடு நிற்கும் விதவைகளுக்கு நான்கு நாற்காலிகள் போடக்கூடவா நிதி இல்லை? இறந்த வீரருக்குப் பூ, இருக்கும் மனைவிக்கு டோக்கன். இதற்கும் ஏதாவது சுற்றறிக்கை உண்டா?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். கேட்பது ஒன்றுதான். 1967-இல் நடந்த திருமணத்துக்குப் பதிவுச் சான்று கேட்காதீர்கள். ஓய்வூதிய ஆணையில் உள்ள பெயரையும் படத்தையும் ஏற்று, அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு, நிலுவையோடு குடும்ப ஓய்வூதியத்தை வழங்குங்கள். முடியாது என்றால், எந்த விதியின்படி என்பதை உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் தாருங்கள். சரிபார்க்க வாங்கிய அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். அதை வாங்க நானே வருகிறேன். அம்மாவை இனி அழைத்து வருவதாக இல்லை.

இப்படிக்கு,
ஹவில்தாரின் மூத்த மகள்,
ஜாபர்கான்பேட்டை, சென்னை