பெரியப்பா, அந்தச் சட்டைப் பட்டனைப் பற்றி

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன வாரம் போனில், "பட்டன் போடவே பத்து நிமிஷம் ஆகுது, வயசாச்சில்ல" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். மோவாய் வாளியில் இடித்து, கழுத்து பின்பக்கமாக மடங்கிவிட்டது. தட்டுத்தடுமாறி நடந்தார். கையில்தான் டம்ளர் நிற்கவில்லை. முதலில் போன இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு முறியவில்லை என்று வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி வயிறு உப்பியது, சிறுநீர் இறங்கவே இல்லை. வாய்வு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தேன். இன்னும் மனசு ஆறவில்லை.

எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் புரிந்தது. வயதாக ஆக, கழுத்தில் தண்டுவடம் போகும் பாதை குறுகிவிடுகிறது. முன்னால், எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு (டிஸ்க்) பிதுங்கும், பின்னால் தசைநார் தடிக்கும். கழுத்து சட்டென்று பின்னால் மடங்கினால் இரண்டுக்கும் நடுவில் தண்டுவடம் நசுங்கும். எலும்பு உடையவே வேண்டாம். இதில் கால்களைவிடக் கைகள்தான் அதிகம் பலமிழக்கும்.

மூன்றாம் நாள் அறுவை சிகிச்சை. பின்கழுத்தைத் திறந்து, தண்டுவடத்தை மூடியிருக்கும் எலும்பு வளைவுகளை எடுத்து இடம் உண்டாக்கி, திருகாணியும் கம்பியும் வைத்து நிறுத்தினார்கள். கால்கள் முதலில் தேறின, பிறகு சிறுநீர். விரல்கள் இன்னும் முழுதாக வரவில்லை. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களைப் பற்றி 2012இல் வந்த ஒரு வட அமெரிக்க ஆய்வைப் பிற்பாடு படித்தேன். 24 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்களில் ஏறக்குறைய 20 சதவீதம் பேர் ஆறு மாதத்தில், தண்டுவடப் பாதிப்பை அளக்கும் அளவுகோலில் இரண்டு படியாவது முன்னேறியிருந்தார்கள். தாமதமானவர்களில் அது 9 சதவீதம்தான். அந்த இரண்டு நாளை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இன்னும் விழவில்லை. ஆனால் விரல் மரத்துப்போவது, செருப்பு காலில் நிற்காதது எல்லாம் தண்டுவடம் ஏற்கெனவே அழுந்துகிறது என்பதாக இருக்கலாம். சர்க்கரை, ரத்தம் உறையாமல் போடும் மாத்திரை, மயக்க மருந்து என்று நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதையெல்லாம் மருத்துவர் முன்னால் வைத்துப் பேசுவோம். "எழுபத்தாறு வயசுல எதுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சலூனில் கழுத்தில் நெட்டி எடுக்க விடாதீர்கள். கை கால் திடீரென்று தளர்ந்தாலோ, சிறுநீர் நின்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

வியாழக்கிழமை காலை வண்டியோடு வருகிறேன். மாத்திரைச் சீட்டுகளை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகள்