பெரோ நினைவு நடைவழி: தமிழ்க் கையேட்டுப் பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அடிமையாக வாழ்ந்த பெரோ ஜோன்ஸின் தடங்களை நடந்தே பார்க்க உதவும் தமிழ்க் கையேடும் ஒலிப்பதிவும் தயாராகிவிட்டன. அச்சுப்படிகளும் வந்து சேர்ந்தன.

நடை எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் குழுவில் நீண்ட பேச்சு நடந்தது. துறைமுகத்தில் இருக்கும் 'பெரோ பாலம்' எல்லோருக்கும் தெரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம் என்றனர் பலர். ஆனால் அந்தப் பாலம் 1999இல் வந்தது. பெரோ வேலை செய்த வீடோ கிரேட் ஜார்ஜ் தெரு 7ஆம் எண்ணில் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆகவே வீடுதான் முதலில் என்று முடிவெடுத்தோம்.

1765இல் கரீபியக் கடலின் நேவிஸ் தீவில், கரும்புத் தோட்ட முதலாளி ஜான் பின்னி 12 வயதுப் பெரோவை விலைக்கு வாங்கினார். தங்கைகள் நான்சி, ஷீபா இருவரையும் கூடவே வாங்கினார். பெரோ முடிதிருத்தவும் முகம் மழிக்கவும் பல் பிடுங்கவும் கற்று, பின்னிக்கு நேர்முகப் பணியாளானார். 1783இல் பின்னி குடும்பம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது பெரோவும் வந்தார். தங்கைகள் தீவிலேயே விடப்பட்டார்கள். அதே வீட்டில் பணிசெய்த ஃபானி கோக்கர் 1778இலேயே விடுதலை பெற்றவர். பெரோவுக்கோ 1798இல் இறக்கும்வரை அது கிடைக்கவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாக உழைத்தவருக்கு இது பெரும் அநியாயம். கையேட்டிலும் இதைப் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறோம்.

வீட்டுக்குள் போனால் பளபளக்கும் சாப்பாட்டு அறையில் நின்றுவிடாதீர்கள். கீழே சமையலறைக்கும், பின்னி குளித்த குளிர்நீர்க் கல்தொட்டிக்கும் இறங்குங்கள். அந்த வாழ்க்கை யார் உழைப்பில் நடந்தது என்பது அங்கே புரியும்.

அப்புறம் இறக்கத்தில் நடந்தால் பாலம். அதன் இரண்டு பெரிய கொம்புகள் வெறும் அலங்காரமில்லை. படகுக்கு வழிவிட நடுப்பகுதி தூக்கப்படும்போது எடையைச் சமன்செய்பவை அவைதான். கம்பிகளில் காதலர்கள் மாட்டிய பூட்டுகளைப் பார்த்துவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். அதனால் பெரோ யார் என்பதை அந்த இடத்து ஒலிப்பதிவில் மறுபடியும் சொல்லியிருக்கிறோம்.

வரவுசெலவுக் கணக்கு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. குரல் கொடுத்த பிள்ளைகளுக்கும் மெய்ப்புப் பார்த்த பெரியவர்களுக்கும் நன்றி. குளிர்காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். திறந்திருக்கும் நாள் பார்த்துக் கிளம்புங்கள். கையேட்டுப் படி வேண்டுவோர் அடுத்த கூட்டத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நடைவழிக் குழு