நோடு நடத்துபவருக்குக் கூலி யார் கொடுப்பது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிரிப்டோ பற்றி நம் பத்திரிகைகளில் வருவதெல்லாம் பிட்காயின் விலை ஏறியது, இறங்கியது, யாரோ பணத்தைத் தொலைத்தார்கள் என்பது மட்டும்தான். அந்த நெட்வொர்க்கை ராத்திரி பகலாக ஓட்டிக்கொண்டிருக்கும், நோடு எனப்படும் கம்ப்யூட்டர்கள் யாருடையவை, அவற்றுக்குக் கரண்ட் பில் கட்டுவது யார் என்று எவரும் கேட்பதில்லை. எனக்கு இது ரொம்ப நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம்.

பிட்காயினைப் போலவே இன்னொரு பெரிய கிரிப்டோ நெட்வொர்க்கான எத்தீரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நாணயமான ஈதரில் 32 டெபாசிட் கட்டினால் வேலிடேட்டர், அதாவது சரிபார்ப்பவர் ஆகலாம், பரிவர்த்தனைகளின் தொகுப்பான பிளாக்குகளைச் சரிபார்ப்பதற்கு நெட்வொர்க்கே வெகுமதி தரும். அது சரி. ஆனால் நீங்கள் போனில் வாலட்டை, அதாவது கிரிப்டோ வைத்திருக்கும் செயலியைத் திறந்து பேலன்ஸ் பார்க்கும்போது அந்தக் கேள்வி எங்கோ இருக்கும் ஒரு ஆர்பிசி நோடுக்குத்தான் (செயலிகளின் கேள்விக்குப் பதில் சொல்லும் கம்ப்யூட்டர்) போகிறது, பதில் அங்கிருந்துதான் வருகிறது. அந்த வேலைக்கு நெட்வொர்க் ஒரு பைசாகூடத் தருவதில்லை. பழைய கணக்கு வழக்கு எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஆர்கைவ் நோடு என்றால் செலவு இன்னும் அதிகம், எத்தீரியம் நோடை ஓட்டும் கெத் மென்பொருளின் பழைய முறையில் அதற்கு 12 டெராபைட்டுக்கு மேல் இடம் தேவைப்பட்டது. பிட்காயினிலும் இதே கதைதான், புதிய பிளாக்குகளை உருவாக்கும் சுரங்கக்காரருக்குக் காசு உண்டு, எல்லாவற்றையும் சரிபார்த்து வைக்கும் முழு நோடு வைத்திருப்பவருக்குக் கிடையாது.

காசு இல்லாத வேலையை யார் செய்வார்கள்? பெரிய கம்பெனிகள் செய்தன, அதுவும் ஓரளவு வரை இலவசமாகவே. எல்லோரும் அங்கேயே போய்ச் சேர்ந்தோம். 2020 நவம்பர் 11 அன்று வாலட்டுகளுக்குப் பதில் கொடுக்கும் இன்ஃபுரா என்ற கம்பெனியின் நோடுகள் கெத்தின் பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தன. புதிய பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டிருந்த ஒரு பிழையை அன்றைக்கு ஒரு பரிவர்த்தனை கிளப்பிவிட, பழைய பதிப்பில் இருந்த நோடுகள் எல்லாம் மற்ற நோடுகளோடு ஒத்துப்போகாத ஒரு தனிச் சங்கிலியில், அதாவது தனிக் கணக்கில், பிரிந்து போய்விட்டன. எத்தீரியம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இன்ஃபுராவை நம்பியிருந்த மெட்டாமாஸ்க் வாலட்டில் கணக்கு தெரியவில்லை, பைனான்ஸ் (Binance) போன்ற எக்ஸ்சேஞ்சுகளே ஈதர் எடுப்பதை நிறுத்தி வைத்தன. யாரையும் சார்ந்திராத நெட்வொர்க் என்று சொல்லிக்கொண்டு ஒரே கம்பெனியின் கதவில் இத்தனை பேர் நின்றிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

அதோடு முடியவில்லை. 2022 மார்ச்சில் பொருளாதாரத் தடை உத்தரவுகளுக்காக அதே கம்பெனி ஏதோ மாற்றப்போய், வெனிசுலாவில் இருந்தவர்களுக்கு மெட்டாமாஸ்க் வேலை செய்யாமல் போனது. தவறுதலாக நடந்தது என்றார்கள், திருத்தியும் விட்டார்கள். ஆனால் தவறுதலாக ஒரு நாட்டையே வெளியே நிறுத்த முடிகிறது என்பதே பெரிய விஷயம் இல்லையா? அதே வருடம் நவம்பரில், மெட்டாமாஸ்க் வழியாக இன்ஃபுராவுக்கு வரும் பயனரின் ஐபி முகவரியும் வாலட் முகவரியும் சேகரிக்கப்படும் என்பது அவர்களின் தனியுரிமைக் கொள்கையிலேயே வந்தது. இலவசம் என்று நாம் வாங்கிக்கொண்டதற்கு இதுவும் ஒரு விலை.

ஆகவே நெட்வொர்க்கின் பொதுப்பணத்திலிருந்தே சின்னச் சின்ன நோடு நடத்துநர்களுக்குச் சம்பளம் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. போல்காடாட் என்ற இன்னொரு நெட்வொர்க்கில் இதற்கு வழி இருக்கிறது. புதிதாக உருவாகும் அதன் நாணயமான டாட் டோக்கனில் ஒரு பங்கு பொதுக் கருவூலத்துக்குப் போகிறது, எதற்குச் செலவு செய்யலாம் என்று டோக்கன் வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். சொந்த சர்வர் வைத்திருக்கும் பலர் சேர்ந்து, கேட்பவர் எந்தப் பகுதியில் இருக்கிறாரோ அதற்குப் பக்கத்து நோடிலிருந்து பதில் தரும் ஒரு திட்டத்தை இந்தப் பணத்தில்தான் நடத்திக் காட்டினார்கள். நல்ல முன்மாதிரி. ஆனால் அதே கருவூலம் 2024 முதல் பாதியில் செலவழித்த சுமார் 8.7 கோடி டாலரில் ஏறக்குறைய 3.7 கோடி விளம்பரத்துக்கும் பிரசாரத்துக்குமே போனது என்று அவர்கள் அறிக்கையே சொன்னபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. விளம்பரத்துக்காகக் கால்பந்து அணியின் சட்டையில் போல்காடாட் பெயர் போடுவதை வேலிடேட்டரும் ஆர்பிசி நோடும் தின்று வாழ முடியாது.

பணம் கொடுக்கும் முறையும் முக்கியம். மொத்தமாக ஒரு தொகையை முன்னாலேயே கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. நோடு எத்தனை மணி நேரம் ஓடியது, சரியான பதில் கொடுத்ததா என்று எல்லோரும் பார்க்கும்படி அளந்து, மாதாமாதம் கொடுக்க வேண்டும். தொகையை டாலரில் நிர்ணயிக்க வேண்டும், ஏனென்றால் டோக்கன் விலை பாதியானால் கரண்ட் பில் பாதியாவதில்லை. எல்லோரும் ஒரே வாடகை சர்வர் கம்பெனியில் இடம் பிடித்திருந்தால் காசு கொடுத்தும் பயனில்லை. 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் என்ற வாடகை சர்வர் கம்பெனி ஒரே நாளில் சொலானா என்ற நெட்வொர்க்கின் நோடுகளைத் தடுத்தபோது ஆயிரத்துக்கு மேற்பட்டவை அணைந்தன.

இன்னொன்று, இடம். நம் ஊரில் வீட்டில் நோடு போட நினைப்பவரின் பாட்டைச் சொல்கிறேன். அன்லிமிடெட் என்று விற்கும் ஃபைபர் திட்டங்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதால் வெளியிலிருந்து யாரும் நம் நோடைத் தொட முடியாது, ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம். அப்புறம் யூபிஎஸ், அதன் பேட்டரி. இதையெல்லாம் ஆர்வத்துக்காக மட்டும் எவ்வளவு நாள் தாங்குவார்கள்? பெரிய சர்வர் மையங்கள் இருக்கும் ஃபிராங்ஃபர்ட்டுக்கும் வர்ஜீனியாவுக்கும் மட்டுமே உதவி போனால் சென்னையில் கேட்கும் கேள்விக்குக் கடல் தாண்டித்தான் பதில் வரும்.

முழுக் கணக்கையும் வைத்துக்கொள்ளாமலேயே போனில் ஓடும் சின்ன மென்பொருளான லைட் கிளையன்ட் வந்தால் இதெல்லாம் தேவைப்படாது என்கிறார்கள் சிலர். வரட்டும், நல்லதுதான், பதிலைச் சரிபார்க்கும் வேலையை அது போனிலேயே செய்துவிடும். ஆனால் அதற்கும் தரவு கொடுக்க எங்கோ ஒரு முழு நோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டுமே.

உங்கள் வாசகர்களில் டாட் வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். டோக்கனைப் பூட்டி வைக்காமலேயே, குறைந்த எடையில் என்றாலும், ஓட்டுப் போட முடியும். விளம்பரத்துக்குப் பணம் கேட்டு ஒரு கோரிக்கையும் நோடுகளுக்குக் கேட்டு ஒன்றும் வந்தால், இரண்டின் கணக்கையும் முழுதாகப் படித்துவிட்டு ஓட்டைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்