சாய்தளத்தில் ஓர் அம்புக்குறி: செய்திமடல் தொடங்கவிருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டே, கல்வியில் செயற்கை நுண்ணறிவு பற்றி மாதம் இருமுறை ஒரு நீண்ட கட்டுரை எழுதி, அதைச் செய்திமடலாக ஆசிரியர்களுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். மனம் நிறைந்தது. கூடவே மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்: இரண்டாயிரம் சொல் கொண்ட கட்டுரையை இன்று யார் பொறுமையாகப் படிப்பார்கள், வாரந்தோறும் வந்து குவியும் செய்திகளுக்கு எப்படி ஈடுகொடுப்பது, முதல் வரைவை இயந்திரத்திடமே எழுதச் சொல்லலாமா. இதே கேள்விகளை வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால், உங்கள் சம்மதத்தோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில் தேவைப்படுகிறது. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறத்தாழ 1,000 மாணவர்களை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய கணித ஆய்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் முதல் வடிவம் 2024-இல் வெளிவந்தது. மறு ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அச்சேறியது. ஒவ்வொரு அமர்விலும் ஆசிரியர் முதலில் பாடத்தை நினைவூட்டினார். பிறகு மாணவர்கள் பயிற்சிக் கணக்குகளைப் போட்டார்கள். இறுதியில் எந்தத் துணையும் இல்லாமல் தேர்வு எழுதினார்கள். பயிற்சி நேரத்தில் ஒரு பிரிவினரிடம் புத்தகமும் குறிப்புகளும் மட்டும் இருந்தன. இன்னொரு பிரிவினருக்கு சாட்ஜிபிடியைப் போன்ற ஓர் உரையாடல் கருவி அப்படியே தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கும் அதே கருவிதான். ஆனால் விடையை நேராகச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது.

பயிற்சியில் இரண்டாம் பிரிவினர் 48 சதவீதமும், மூன்றாம் பிரிவினர் 127 சதவீதமும் மேலாகச் செய்தார்கள். கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது இரண்டாம் பிரிவினர், புத்தகம் மட்டும் வைத்துப் படித்தவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இந்த ஒரே ஆய்விலிருந்து, செயற்கை நுண்ணறிவு கற்றலைக் கெடுக்கிறது என்று ஒருவரும், இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்துகிறது என்று இன்னொருவரும் பத்து வரியில் எழுதிவிடலாம், எழுதவும் செய்தார்கள். இரண்டிலும் எண் பிழை ஏதும் இல்லை. ஆனால் குறிப்பு மட்டும் பெற்ற மூன்றாம் பிரிவினர் தேர்வில் எப்படிச் செய்தார்கள் என்பதுதான் ஓர் ஆசிரியர் முதலில் கேட்கும் கேள்வி. அவர்களுக்கும் புத்தகம் வைத்துப் படித்தவர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தீங்கு ஏறக்குறைய மறைந்தது; பயிற்சியில் கண்ட பெரும் ஆதாயமும் தேர்வுவரை வந்து சேரவில்லை. இந்த மூன்றாவது முடிவுக்குத் தலைப்பு வைப்பது கடினம், அதனாலேயே அது சுருக்கங்களில் விடுபட்டுப் போகிறது.

இன்னும் ஒன்று அந்த ஆய்வுத்தாளின் உள்ளே கிடக்கிறது. மூன்றாம் பிரிவின் கருவி தானாக நல்ல ஆசிரியராகிவிடவில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் சரியான விடையையும், அந்தக் கணக்கில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும், அந்தத் தவறு கண்ணில் பட்டால் எப்படிக் குறிப்புத் தர வேண்டும் என்பதையும் ஆசிரியர்களின் துணையோடு முன்கூட்டியே எழுதி அதற்குள் வைத்திருந்தார்கள். அப்படி எதுவும் தரப்படாத கருவி ஏறக்குறைய பாதி நேரம் தவறான விடையைத்தான் சொன்னது. அதை நம்பிப் படித்த மாணவர்களோ, தாங்கள் குறைவாகக் கற்றோம் என்றே உணரவில்லை. இவ்வளவையும் நிபந்தனைகளோடு சேர்த்துச் சொல்லி முடிக்கவே எனக்கு மூன்று பத்திகள் ஆகிவிட்டன. கட்டுரை நீள்வதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். நிபந்தனைகளைச் சொல்ல இடம் வேண்டும் என்பதற்காக நீளும் கட்டுரையை ஆசிரியர்கள் படிக்கிறார்கள். பேருந்தில் பாதியும் இரவில் மீதியுமாகப் படித்துவிட்டு எனக்கு எழுதுகிறார்கள். முன்னுரையால் நீளும் கட்டுரையை அவர்கள் இரண்டாம் பத்தியிலேயே விட்டுவிடுகிறார்கள், அதில் தவறும் இல்லை.

அவசரமாக எழுதினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அடுத்த சில மாதங்களில், மாணவர் எழுதியதா இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகள் வரிசையாக வந்தன. அவற்றில் ஒன்றை நான்கைந்து பத்திகளைக் கொடுத்துச் சோதித்துவிட்டு, ஆசிரியர்கள் இதைத் துணையாகக் கொள்ளலாம் என்று என் செய்திமடலில் எழுதினேன். நான் சோதித்த பத்திகள் எல்லாம் என்னுடையவை. முப்பது ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்திய ஒருத்தி எழுதியவை.

ஏழு வாரம் கழித்து ஒரு கல்லூரி மாணவி என்னைத் தேடி வந்தார். தன் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த அசைன்மெண்ட்டை அப்படி ஒரு கருவி இயந்திரத்தின் எழுத்து என்று காட்டியிருக்கிறது. ஆசிரியர் சுழியம் போட்டிருக்கிறார். அந்த ஆசிரியர் என் கட்டுரையைத்தான் படித்திருந்தார். அந்தப் பெண் தன் ரஃப் நோட்டை என் மேசையில் விரித்து வைத்தார். நீல மையில் எழுதி, அடித்து, மேலே மறுபடி எழுதிய ஒன்பது பக்கங்கள். ஒரு வாக்கியத்தில் 'மோர்ஓவர்' என்ற சொல்லை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்து மூன்றையும் அடித்திருந்தார். ஓரத்தில் பென்சிலால் அதன் பொருளைத் தமிழில் குறித்திருந்தார். பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டுரைகளின் நடைதான் அது. பாதுகாப்பான, பழகிய சொற்கள். ஒன்றுபோல் தொடங்கும் வாக்கியங்கள். நான் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றுமே பேசவில்லை.

அதே 2023-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கண்டறியும் கருவிகளைச் சோதித்து வெளியிட்ட முடிவைப் படித்தபோது அந்த நோட்டுதான் கண்முன் நின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 சதவீதத்தை அந்தக் கருவிகள் இயந்திரம் எழுதியதாகத் தவறாகக் காட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளிலோ அவை ஏறக்குறைய பிழை செய்யவில்லை. இந்தக் கருவிகளில் பல, அடுத்து வரும் சொல் எவ்வளவு எளிதில் ஊகிக்கத்தக்கது என்பதைக் கொண்டே கணக்கிடுகின்றன. சொல்வளம் குறைவாக உள்ளவர் பழகிய சொற்களையே பயன்படுத்துவதால், அவருடைய உண்மையான உழைப்பு இயந்திரத்தின் சாயலைப் பெற்றுவிடுகிறது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கண்டறியும் கருவி, இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே சரியாக இனங்கண்டது. துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அந்தப் பழைய கட்டுரையை நான் நீக்கவில்லை. அதன் தலைப்புக்கு மேலேயே, தேதியிட்டு, நான் எதைத் தவறாக எழுதினேன், ஏன் தவறினேன், அதனால் ஒருவருக்கு என்ன நேர்ந்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆசிரியருக்கும் தனியாக எழுதினேன். மதிப்பெண் திருத்தப்பட்டது. நீங்களும் திருத்தத்தைக் கட்டுரையின் அடியில் சிறிய எழுத்தில் போடாதீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு வகுப்பறையில் ஏதோ ஒன்று நடந்துவிடுகிறது என்பதை எழுதும்போதே நினைவில் வையுங்கள்.

செய்திகளுக்கு ஈடுகொடுப்பது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: ஈடுகொடுக்க வேண்டாம். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடுத்தன, மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. தென்கொரியா 2025 மார்ச்சில் செயற்கை நுண்ணறிவுப் பாடநூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்து, ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி அவற்றைத் துணைக்கருவி நிலைக்கு இறக்கியது. இரண்டின் அறிவிப்பு நாளிலும் எழுதப்பட்ட கட்டுரைகள் இன்று பயன்படாது. ஏன் மாறினார்கள் என்று ஆறு மாதம் கழித்து எழுதியவைதான் பயன்படும். ஆனால் நீங்களே ஒரு கருவியைச் சோதித்து எழுதினால், அதன் பெயர், பதிப்பு, சோதித்த தேதி மூன்றையும் கட்டாயம் குறியுங்கள். தமிழ் எழுத்துகளை இந்த உரையாடல் கருவிகள் டோக்கன் எனப்படும் மிகச் சிறு துண்டுகளாக உடைப்பதால், ஒரே செய்தியை ஆங்கிலத்தில் கேட்பதைவிடத் தமிழில் கேட்பதற்குப் பல மடங்கு டோக்கன் செலவாகிறது என்று நான் ஒருமுறை எழுதினேன். எழுதிய நாளில் அது சரி. 2024 மே மாதம் ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வெளியானபோது, அந்த நிறுவனம் எடுத்துக்காட்டாகத் தந்த தமிழ்ப் பகுதிக்கு முன்பு 116 டோக்கன் ஆனது 35 ஆகக் குறைந்திருந்தது. தேதி குறித்திருந்ததால் என் பழைய கட்டுரை அன்றைய நிலைக்குச் சான்றாக நிற்கிறது. இல்லாவிட்டால் வெறும் பொய்யாகியிருக்கும்.

இனி வரைவு. இயந்திரத்திடம் எழுதச் சொல்லலாமா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வதற்குமுன், போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். சாய்தளத்தில் ஒரு கட்டை வழுக்கி இறங்கும் கணக்கு ஒன்றைக் கைபேசியில் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டான். ஐந்து படிகளில் விடை வந்தது. விடை சரிதான், தமிழும் தெளிவாகவே இருந்தது. ஐந்து படிகளையும் அப்படியே நோட்டில் எழுதி, கடைசி வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டான். இங்கே ஏன் சைன் வந்தது, கோசைன் ஏன் வரவில்லை என்று கேட்டேன். மறுபடியும் கைபேசியை எடுத்தான். அதைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் மட்டும் போடச் சொன்னேன்.

சரிவை வரைந்தான், கட்டையை வரைந்தான். கட்டையின் எடையைக் காட்டும் அம்புக்குறியைப் போடும்போது, தரையை நோக்கி நேராகக் கீழே போடாமல், சரிவான பரப்புக்குச் செங்குத்தாகச் சாய்த்துப் போட்டான். அவன் சிக்கல் முழுவதும் அந்த ஓர் அம்புக்குறியில் இருந்தது. எடை எங்கே நின்றாலும் பூமியின் மையத்தை நோக்கித்தான் இழுக்கும் என்பது அவன் கைக்கு இன்னும் வரவில்லை. வராதவரை சைனும் கோசைனும் மனப்பாடந்தான். அந்தச் செயலி அவனைப் படம் போடச் சொல்லவே இல்லை என்பதால், அம்பு சாய்ந்திருப்பது அதற்குத் தெரிய வழியில்லை.

நான் ஆங்கிலம் நடத்தியவள். அந்த அம்பு சாய்ந்திருக்கிறது என்று கண்டுகொள்ள எனக்கே என் மகளிடம் கேட்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படியில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக ஆண்டுக்கு நூறு பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்தியிருக்கிறீர்கள். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் அம்பைச் சாய்க்கும், எந்தக் கணக்கில் அலகை மாற்ற மறக்கும், எதைப் புரிந்ததுபோல் தலையாட்டும் என்று உங்களுக்குத் தெரியும். துருக்கி ஆய்வில் மூன்றாம் பிரிவின் கருவிக்குள் எழுதி வைத்தார்களே, அந்தத் தவறுகளின் பட்டியல், அப்படி ஒன்று தமிழ்வழி இயற்பியலுக்கு உங்கள் கையில் இருக்கிறது, இன்னும் எழுதப்படாமல். உங்கள் கட்டுரையின் சரக்கு அதுதான். அதை உங்களிடமிருந்து வாங்கித்தான் இயந்திரம் வரைவு எழுத முடியும். வாங்காமல் எழுதினால், அந்தப் பையனின் ஐந்து படிகளைப் போல எல்லாம் சரியாக இருந்தும் எதையும் காட்டாத ஒரு கட்டுரைதான் வரும். அதனால் முதல் வரைவை நீங்களே எழுதுங்கள். எழுதும்போது எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ, அங்கேதான் நீங்கள் இன்னும் யோசித்து முடிக்கவில்லை என்று பொருள். அந்த இடத்தை இயந்திரம் மழுப்பிக் கடந்துவிடும், உங்களுக்கே தெரியாமல். எழுதி முடித்த பிறகு, இதற்கு ஓர் ஆசிரியர் என்ன மறுப்புச் சொல்வார் என்று அதனிடம் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கிறேன், பத்தில் இரண்டு மறுப்பு உண்மையிலேயே உதவுகிறது. அப்படிக் கேட்டதையும் வாசகரிடம் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பிள்ளைகளின் தவறுகளை எழுதும்போது பெயர், பள்ளி, ஊர் எதுவும் வேண்டாம். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவதும் வேண்டாம், கையெழுத்தே அடையாளம். நீங்களே அந்தப் படத்தை மறுபடி வரைந்து போடுங்கள். அந்த மாணவியின் நோட்டைப் பற்றி மேலே நான் எழுதியிருப்பதை அவருக்கு முதலில் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகே இங்கே வைத்திருக்கிறேன்.

முதல் கட்டுரைக்கு நீங்கள் அனுப்பிய பத்துத் தலைப்புகளில் ஒன்பது உலகம் முழுவதற்குமானவை. ஏழாவதாக 'விசை வரைபடத்தில் என் மாணவர்கள்' என்று போகிறபோக்கில் குறித்திருக்கிறீர்கள். அதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கணக்கு, நான்கைந்து பிள்ளைகள், முதலில் கைபேசியோடு, அடுத்த நாள் கைபேசி இல்லாமல். அவர்கள் போட்ட அம்புகளை அப்படியே விவரித்து எழுதி அனுப்புங்கள். எத்தனை பக்கம் வந்தாலும் உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா