பொங்கல் லீவில் போர்வை தைத்தவர்களுக்கு

அன்புள்ள எங்கள் வீதிக்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும், பெயர் கேட்டுவைக்க மறந்துபோன இன்னும் சிலருக்கும்,

வணக்கம். பொங்கல் லீவில் நாம் சேர்ந்து தைத்த போர்வைகள் கோத்தகிரி முதியோர் இல்லத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா போனில் கூப்பிட்டு, பாராட்டு முழுவதையும் என் ஒருத்தி தலையிலேயே கொட்டிவிட்டார். அதில் என் பங்கு கொஞ்சம்தான். மிச்சத்தை உரியவர்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுகிறேன்.

முதல் பங்கு அந்த அம்மாவுக்கே. "என்ன வேணும்?" என்று கேட்டால் பெரும்பாலும் "உங்க இஷ்டம், எது கொடுத்தாலும் சரி" என்றுதான் பதில் வரும். இவர் அப்படிச் சொல்லவில்லை. கட்டில் அளவுப் போர்வை வேண்டாம் என்றார். நனைந்தால் தூக்கிப் பிழிய ஆள் கிடையாது, பனிக்காலத்தில் மலையில் அது லேசில் காயவும் காயாது. அவர் கேட்டது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை போட்டுக்கொள்ளும் சின்னப் போர்வை. அகலம் 36 அங்குலம், நீளம் 45 அங்குலம். அதைவிடப் பெரிதானால் சக்கர நாற்காலியின் சக்கரத்தில் போய் மாட்டிக்கொள்ளுமாம். லேஸ் கூடாது, குஞ்சம் கூடாது, வெள்ளை கூடவே கூடாது. இப்படி வாய் திறந்து "வேண்டாம்" சொல்பவருக்குச் செய்து கொடுப்பதில் இருக்கிற நிம்மதியே தனி. தானம் என்ற பெயரில் பரணைக் காலி செய்கிற பழக்கம் நம் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கிறது. அவர் பேச்சு அதற்கு ஆரம்பத்திலேயே கேட் போட்டுவிட்டது.

அடுத்தது பவர் டேபிள், அதாவது பனியன் தைக்கும் மெஷின்கள், வைத்திருக்கும் அண்ணனுக்கு. பொங்கலுக்கு ஆட்களெல்லாம் ஊருக்குக் கிளம்பிவிட்டால் திருப்பூர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அந்த வாரம் பூட்டிக் கிடக்க வேண்டிய ஷெட்டின் சாவியைக் கையில் கொடுத்து, "கரண்டு பில்லைப் பத்தி மட்டும் பேசாதீங்க டீச்சர்" என்றார். அதோடு நின்றாரா? மெஷின்களில் பனியன் துணிக்கான மொட்டை முனை ஊசிதான் இருந்தது. நெய்த துணியை மூன்று அடுக்காக வைத்து அடிக்க அது சரிப்படாது என்று, கூர் முனை ஊசியாகப் பார்த்து 16ஆம் நம்பரில் மாற்றித் தந்துவிட்டுத்தான் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டார்.

கட்டிங் மாஸ்டரின் புண்ணியம் இன்னும் பெரியது. நம் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்குப் பஞ்சமே இல்லை, கலர் கலராகக் கிடைக்கும். எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு மேல் பக்கத்துக்கு வைத்துவிடலாம் என்று நாங்கள் துள்ளிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு துண்டை எடுத்து இழுத்துக் காட்டினார். பனியன் துணி இழுபடும், நெய்த துணி இழுபடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் இரண்டு சலவையில் சுருக்கம் சுருக்கமாக ஏறிவிடும். "பனியனை நடுவுல போடுங்கம்மா, கதகதன்னு இருக்கும்." அப்படியே ஆயிற்று. நடுவில் பனியன் துணி, அடியில் பழைய பருத்திப் புடவை. மேலே போட நெய்த துணி வேண்டுமே என்று யோசித்தபோது, கரூரில் பெட்ஷீட் ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிற தம்பி மகன் இரண்டு மூட்டை சாம்பிள் துண்டுகளோடு பொங்கல் பண்டிகைக்கு வந்திறங்கினான். கரும்பு கொண்டுவரவில்லை என்று அவன் அத்தையிடம் திட்டு வாங்கியது வேறு கதை.

மூன்றாம் வீட்டில் குடியிருக்கும் மேற்கு வங்கத்துப் பெண்ணுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஊருக்குப் போகவர ரயிலிலேயே லீவு கரைந்துவிடும் என்பதால் இங்கேயே இருந்தவள். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்துவிட்டாள். பழைய புடவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போடுவது அவள் ஊரில் காந்தா. பாட்டி காலத்தில் அந்தத் தையலுக்கு நூலைக் கடையில் வாங்குவதில்லை, புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். அவளும் ஒரு கிழிந்த புடவையின் சிவப்புக் கரையை மடியில் போட்டு இழை இழையாக உருவியதைப் பார்க்க வீதியே கூடிவிட்டது. மெஷின் தையலில் மூன்று அடுக்கும் நகர்ந்துபோய் ஓரத்தில் கோணிக்கொள்ளாமல் இருக்க, முதலில் கையால் பெரிய பெரிய இழையாக ஓட்டிவைக்க வேண்டும் என்பதும் அவள் சொன்னதுதான். ஊக்கு குத்திக் குத்திக் கைவலி கண்ட எங்களுக்கு அது பெரிய விடுதலை.

மறதி நோய் உள்ள பெரியவர்கள் சிலருக்குக் கை சும்மா இருக்காது. எதையாவது பிய்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கென்று ஜிப், ஒட்டும் நாடா, பெரிய பொத்தான், உள்ளே கைவிட்டுத் துழாவ ஒரு பாக்கெட் எல்லாம் வைத்துத் தனியாகச் சில போர்வைகள் தைத்தோம். காஜா பட்டன் கடை அக்கா அந்தப் பொத்தான்களைப் பிடுங்கவே முடியாதபடி அடித்துக் கொடுத்தார். பிடுங்கினால் வாயில் போட்டுக்கொள்வார்களே என்று நாங்கள் பயந்ததற்கு, தானே இழுத்துப் பார்த்து நகம் உடைத்துக்கொண்டார் பாவம்.

திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிய ஆத்தாமார்களே, உங்களை மறப்பேனா? கம்பெனியில் வருஷக்கணக்காகப் பிசிறு வெட்டிய கண்கள், ஒரு நூல் தப்பவில்லை. இல்லத்துக்குப் போக நம் வீடுகளுக்கென்று தைத்தவற்றில் அண்ணன் பேத்திக்கான குட்டிப் போர்வையும் இருந்தது. எதிர்வீட்டு நர்ஸ் அம்மா அதைப் பார்த்து, நீண்டு தொங்கும் நூல் குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும் என்று சொன்ன பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை பார்த்தீர்கள். ஒரு வயது ஆகும்வரை தூங்கும்போது பக்கத்தில் வைக்கக்கூடாது, முகத்தை மூடிவிடும், தரையில் விரித்துத் தவழவிடுங்கள் என்றும் அவர் சொன்னார். இப்போது அது விரிப்பாகத்தான் இருக்கிறது. பேத்தி அதன் மேலேயே உருள்கிறாள்.

அம்மாவின் சின்னாளப்பட்டிப் புடவைகளை வெட்ட விட்டதற்கு அக்காவுக்கும் தங்கைக்கும் நன்றி. கத்தரி வைக்கும்போது மூன்று பேருமே வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். ஆளுக்கொரு போர்வை ஆயிற்று. கல்யாணப் பட்டுப் புடவையை மட்டும் தொடக்கூடாது என்று அக்கா கறாராகச் சொன்னது சரிதான்.

சமையலறையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட வீட்டுக்காரருக்கு: பயிறு கடைசல் அருமை, ரசம் பரவாயில்லை.

கூரியரில் கேட்டால் எடையைப் பார்க்காமல் பருமனுக்குக் கணக்குப் போட்டு மலைக்க வைத்தார்கள். அப்போதுதான் கேரட் லாரி ஓட்டும் தம்பி உதவிக்கு வந்தார். மேட்டுப்பாளையம் மண்டியில் காய் இறக்கிவிட்டு வண்டி மேலே சும்மாதானே போகிறது என்று, தார்ப்பாயில் சுற்றிக் கட்டிக்கொண்டு போய் இல்லத்து வாசலிலேயே இறக்கிக் கொடுத்தார். டீ குடிக்கக்கூட காசு வாங்கவில்லை.

அப்புறம், பிடியில் சிவப்பு ரிப்பன் சுற்றிய கத்தரிக்கோல் ஒன்று, மூடியில்லாத தூக்குவாளி ஒன்று, இரண்டு மூக்குக் கண்ணாடி எங்கள் வீட்டில் இருக்கின்றன. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கரூர் மூட்டையில் ஒன்று இன்னும் பிரிக்கவே இல்லை என்பதையும் சும்மா சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி வீட்டு டீச்சர்