பாராட்டை மறுத்தால் தன்னம்பிக்கை இல்லை என்று அர்த்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் இதழில் வந்த ஆளுமை வளர்ச்சிக் கட்டுரையைப் படித்தேன். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு அதில் நல்ல யோசனைகள் பல இருந்தன. ஓரிடத்தில் மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை. யாராவது பாராட்டினால் ‘நன்றி’ என்று மட்டும் சொல்ல வேண்டுமாம். ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்று மறுப்பது தன்னம்பிக்கைக் குறைவின் அடையாளமாம். இதில் வெளிநாட்டினரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பள்ளியில் நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவள் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெளிநாட்டினர் என்று கட்டுரையாளர் சொல்வது அமெரிக்கர்களைத்தான் என்று நினைக்கிறேன். அவர்களிடமிருந்தே தொடங்கலாம். ராபர்ட் ஹெர்பர்ட் என்ற மொழியியலாளர் 1980களில் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில், மாணவர்கள் அன்றாடப் பேச்சில் பாராட்டுக்குச் சொன்ன பதில்களைச் சேகரித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதில்கள். அங்கேயும் பெற்றோர் ‘பாராட்டினால் நன்றி சொல்லு’ என்றுதான் சொல்லி வளர்க்கிறார்கள். ஆனால் பாராட்டை நேரடியாக ஏற்றுக்கொண்ட பதில்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டின, அவ்வளவுதான். மற்றவர்கள் பேச்சைத் திருப்பினார்கள், பெருமையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள், ‘உன்னுடையதும் நன்றாகத்தான் இருக்கிறது’ என்றார்கள். கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பதில்கள், அந்தப் பொருள் தன்னிடம் எப்படி வந்தது என்ற கதை!

இந்தக் கதை சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதா? ‘சேலை நல்லா இருக்கே’ என்றால் ‘அட, இது பழசுக்கா, ஆடித் தள்ளுபடியில எடுத்தது’ என்போம். ‘தோடு புதுசா?’ என்றால் ‘அம்மா போட்டது, அழிச்சுச் செஞ்சேன்’ என்போம். அதற்குப் பிறகு எந்தக் கடை, என்ன விலை, இன்னும் இருக்கிறதா என்று பேச்சு நீளும். பாராட்டியவர், பாராட்டப்பட்டவர் என்ற ஏற்றத்தாழ்வு அதில் கரைந்து, இருவரும் ஒரு சேலையைப் பற்றிப் பேசுகிற இரண்டு பேராகிவிடுகிறார்கள். அமெரிக்க மாணவர்கள் செய்ததும் இதையேதான். அவர்கள் செய்தால் சகஜம், நாம் செய்தால் தாழ்வு மனப்பான்மையா?

பாராட்டுக்குப் பதில் சொல்வது எல்லோருக்குமே கொஞ்சம் சங்கடமான காரியம். ஏன் என்பதை அனிதா பொமரன்ட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978லேயே தெளிவாக எழுதிவிட்டார். எதிரே இருப்பவர் ஒன்று சொன்னால் அதை ஒத்துக்கொள்வது மரியாதை. தன்னைத் தானே புகழாமல் இருப்பதும் மரியாதை. பாராட்டு வரும்போது இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. ‘ஆமாம்’ என்றால் தற்பெருமை, ‘இல்லை’ என்றால் சொன்னவரின் ரசனையைத் தள்ளிவிட்டது போல. இந்த இடுக்கிலிருந்து வெளியே வர ஒவ்வொரு சமூகமும் தன் வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

சிரியாவில் உங்கள் கைக்கடிகாரத்தை யாராவது புகழ்ந்தால் ‘எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான்’ என்று நீட்டுவது ஒரு வழக்கம். அது மரியாதைச் சொல்; உடனே கழற்றி வாங்கிக்கொள்ளக் கூடாது. ஈரானில் ‘அழகாகப் பார்ப்பது உங்கள் கண்தான்’ என்று புகழைப் புகழ்ந்தவரிடமே திருப்பிவிடுவார்கள். ஜப்பானில் நிலைமை இன்னும் நுட்பமானது. மேலதிகாரியின் வேலைத் திறமையைக் கீழே வேலை செய்பவர் ‘நன்றாகச் செய்தீர்கள்’ என்று பாராட்டுவதே அங்கே மரியாதைக் குறைவாகப் படலாம். எடைபோடும் உரிமை இவருக்கு எங்கிருந்து வந்தது என்பார்கள். ஆகவே ‘நன்றி’ சொல்வதா வேண்டாமா என்பதற்கு முன்னால், யார் யாரைப் பாராட்டலாம் என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது.

கட்டுரையாளர் தயவுசெய்து கவனிக்க வேண்டும் என்று நான் விரும்புவது சீனாவின் சியான் நகரத்தை. ரோங் சென் என்ற ஆய்வாளர் அங்கே பல்கலைக்கழக மாணவர்களிடம் ‘உங்களை இப்படிப் பாராட்டினால் என்ன சொல்வீர்கள்?’ என்று எழுத்தில் கேட்டு, 1993இல் முடிவை வெளியிட்டார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலான பதில்கள் மறுப்பு. அதே நகரத்தில் அதே வகைக் கேள்விகளோடு அவரும் இன்னொருவரும் சேர்ந்து மறுபடி ஆய்வு செய்து 2010இல் வெளியிட்டார்கள். இந்த முறை அறுபது சதவீதத்துக்கு மேல் ஏற்பு. மறுப்பு பத்து சதவீதத்துக்கும் கீழே. நடுவில் பதினேழு வருடம்தான். அந்தக் காலத்தில் நகரம் வெளியுலகத்துக்குத் திறந்தது, மேற்கத்தியப் பழக்கங்கள் உள்ளே வந்தன என்றே ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள். மறுப்பு என்பது தன்னம்பிக்கைக் குறைவு என்றால், முந்தைய தலைமுறை மாணவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே நம்பிக்கையற்றவர்கள் என்றல்லவா ஆகும்! அதை யாராவது ஒத்துக்கொள்வார்களா? மாறியது பேச்சு வழக்கம். அதை வைத்து மனத்தை அளக்க முடியாது.

நம் வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. குழந்தையைப் பார்த்து ‘கொழுகொழுன்னு இருக்கு’ என்றால் தாய்க்கு முதலில் வருவது பயம். ‘எங்க, சரியாவே சாப்பிட மாட்டேங்குது’ என்று அவசரமாக மறுப்பாள். சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவாள். அரபு நாடுகளிலும் துருக்கியிலும் குழந்தையைப் புகழ்பவர் ‘மாஷா அல்லாஹ்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெற்றவர்களுக்கு மனம் நிம்மதிப்படாது. கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த மறுப்பில் இருப்பது பிள்ளை மேல் உள்ள அக்கறை. தன்னம்பிக்கையை அங்கே எதற்குத் தேட வேண்டும்?

சரி, நேர்முகத் தேர்வுக்கு என்ன செய்வது? அங்கே ‘நன்றி’ என்று சொல்வதுதான் பொருத்தம் என்றால் அதைச் சொல்லிக் கொடுக்கட்டும். நானும் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன்: ஆங்கிலத்தில் பேசும்போது இது வழக்கம், இதையும் பழகிக்கொள் என்று. அதற்காக, ‘எல்லாம் எங்க டீச்சர்தான் காரணம்’ என்று சொல்லும் மாணவியை ஆளுமை குறைந்தவள் என்று எழுதிவிடக் கூடாது. கல்லூரிகளில் பயிற்சி என்ற பெயரில் இப்போது இதுதான் நடக்கிறது. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைகளிடம், அவர்கள் அம்மா அப்பா பேசும் விதமே ஒரு குறைபாடு என்று சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நன்றி சொல்ல ஐந்து நிமிடத்தில் பழகிவிடலாம். வீட்டுப் பேச்சைப் பற்றி மனதில் விழுந்த வெட்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

கட்டுரையாளர் தம் தொடரின் அடுத்த பகுதியில் அந்த ஒரு பத்தியைத் திருத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இதழைப் படிக்கும் பயிற்சியாளர்களும், தேர்வுக் குழுவில் உட்காருபவர்களும், எதிரே இருக்கும் பிள்ளை பாராட்டை மறுத்தால் அதற்கு மதிப்பெண் குறைக்காமல், அடுத்த கேள்விக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கும்பகோணம்.