விளையில் வைத்த அயினிக் கன்று

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

நம் விளைத் தோட்டத்தில் ஓர் அயினி மரக்கன்று வைத்தேன் என்று போனில் சொன்னதும், "எல்லாம் எரிந்துபோகப் போகிற பூமியில், எழுபத்திரண்டு வயதில், இது எதற்கப்பா?" என்று கேட்டாய். நீ சிரித்துக்கொண்டே கேட்டாலும், அதில் உங்கள் ஊர்ப் பிரசங்கியாரின் குரலும் இருந்தது.

"பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோம்" என்றுதான் நம் வேதாகமத்தில் 2 பேதுரு 3:10 இருக்கிறது. அதை நான் மழுப்பப் போவதில்லை. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் அந்த இடத்தில் இருப்பது "கண்டறியப்படும்" என்ற பொருளுடைய கிரேக்கச் சொல். மேலும், அன்றிருந்த உலகம் ஜலப்பிரளயத்தால் அழிந்தது என்று அதே அதிகாரத்தின் ஆறாம் வசனம் சொல்கிறதே, நோவா பேழையை விட்டு இறங்கித் திராட்சத்தோட்டம் நாட்டியது வேறு எந்தப் பூமியில்?

சபைகளும் இதில் ஒருமனப்பட்டதில்லை. 17ஆம் நூற்றாண்டின் லுத்தரன் இறையியலாளர் யோகான் கெர்ஹார்ட், இந்த உலகம் முற்றிலும் இல்லாமற்போகும் என்றார்; அவருக்கு முந்திய சபைச் சீர்திருத்தவாதி கால்வினோ, பொருள் நிலைத்திருக்கும், அது புதுப்பிக்கப்படவே நெருப்பு என்றார். நான் கால்வின் பக்கம். சிருஷ்டி "அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று" விடுதலையாகும் என்று ரோமர் 8:21இல் பவுல் எழுதுகிறார். இல்லாமற்போவதற்கு விடுதலை என்று பெயர் வைப்பார்களா?

எனக்கு உண்மையில் இடறலாக இருந்தது வெளிப்படுத்தல் 21:1தான். புதிய வானம், புதிய பூமி என்று சொல்லிவிட்டு, "சமுத்திரமும் இல்லாமற்போயிற்று" என்று முடிகிறது அந்த வசனம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு குளச்சலில் ஒரு வீட்டு ஜெபத்தில் அதை வாசித்தபோது, பேரப்பிள்ளையைப் பறிகொடுத்த பாட்டி ஒருத்தி, "இல்லாமப் போகட்டும்" என்றாள். பக்கத்தில் இருந்த அவள் மகனோ, "அப்போ நாங்க வலையை எங்க கொண்டு போடுறது?" என்று கேட்டுவிட்டான். 13ஆம் அதிகாரத்தில் மிருகம் எழும்பி வருவது சமுத்திரத்திலிருந்துதான், ஆகவே அது தீமைக்கும் கலக்கத்துக்கும் அடையாளம், மீன் பிடிக்கிற கடலைச் சொல்லவில்லை என்று விளக்கினேன். இன்றும் அதுவே என் எண்ணம். என்றாலும் அந்த வீட்டில் அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே படிப்புக்காரன் குரலாகப் பட்டது. சில மாதங்கள் கழித்து அவன் வள்ளத்தைப் பழுதுபார்த்துக் கடலுக்குப் போனான்.

உங்கள் பிரசங்கியார் நாள் குறிக்கத் தொடங்கினால் மட்டும் எழுந்து வந்துவிடு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றி, 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று எதிர்பார்த்திருந்தவர்களில், விளைந்ததை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு.

அயினித் தடியில் முன்பெல்லாம் வள்ளம் செய்வார்கள். அந்தப் பருவத்துக்கு இது வளர ஐம்பது வருடமாவது ஆகும். இப்போது ஐந்து இலை விட்டிருக்கிறது. ஆடு கடிக்காமலிருக்கச் சுற்றிலும் தென்னை மட்டை நட்டிருக்கிறேன். அரிசி களைந்த தண்ணீரை உன் அம்மா தினமும் ஊற்றுகிறாள். கிறிஸ்மஸுக்கு வரும்போது பார், மக்களே.

அன்புடன்,
அப்பா